பூசி மறைத்த டிசம்பர்

என் அப்பாவின் கல்லறையைப் பார்க்கக் கடலூருக்குப் போனேன். அப்பா பினாங்கில் நலமாக இருக்கிறார். காலையில் இரண்டு ரொட்டி, ஒரு கோப்பி, பிறகு பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திட்டிக்கொண்டே படிப்பது என்று எண்பத்து நான்கு வயதிலும் ஆள் திடமாகத்தான் இருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு குறை. கையில் இருப்பது சிவப்பு ஐ.சி.

எங்கள் நாட்டில் குடிமக்களுக்கு நீல நிற அடையாள அட்டை. சிவப்பு அட்டைக்காரர் நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம், சாகலாம். ஆனால் குடிமகன் இல்லை. ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. அம்மா வழியில் எனக்கு நீல அட்டை வந்துவிட்டது. அப்பா மட்டும் அறுபது வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். "பினாங்கில்தான் பிறந்தேன் என்பதற்கு, நாடு சுதந்திரம் அடைவதற்கு முந்தைய எழுத்து ஏதாவது ஒன்று கொண்டு வாருங்கள்" என்றார் இப்போதுள்ள அதிகாரி. நல்ல மனிதர். ஜனவரியில் விசாரணை என்றும், அதற்குமேல் கோப்பு திறந்திருக்காது என்றும் அவரேதான் சொன்னார்.

அப்பாவிடம் எழுத்து ஏது? "குண்டு விழுந்த மாசம் பொறந்தவன்" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பிறப்புச் சான்று. 1941 டிசம்பர். குண்டில் என் தாத்தா போனார். கைக்குழந்தையோடு தப்பி எஸ்டேட்டுக்குப் போன பாட்டி மூன்று வருடத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் அப்பாவை வளர்த்தார். பெற்றவர்களின் பெயர், கடலூர் ஓ.டி. என்ற ஊர்ப்பெயர், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம் என்பது, சவரிமுத்து என்ற தன் பெயர். இவ்வளவுதான் அப்பாவுக்கு வந்த சொத்து. அந்த வளர்ப்புத் தாய் ஒருமுறை, "ஒங்கம்மா ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் கப்பல்லேர்ந்து எறங்குனா" என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் யாரும் தொடாத பாம்பு. கப்பலில் வந்தவர் என்றால் இந்தியாவில் பிறந்தவர். கதை அத்தோடு முடிந்தது.

அக்டோபரில் கடலூர்ப் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டே நாளில் அருள்தாஸ் கூப்பிட்டான். என் தாத்தாவின் தம்பி பேரன். எனக்குத் தம்பி முறை. "அண்ணே, பெரியப்பா உசுரோடயா இருக்காங்க? அவுங்க பேரு எங்க குடும்பக் கல்லறையில இருக்குண்ணே!" என்று அழுதான். நானும் அழுதேன். அந்தக் கல்லைப் பார்க்க டிசம்பரில் வருகிறேன் என்றேன். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொந்தபந்தம் கிடைத்த மறுநிமிடமே, எங்கப்பாவுக்கு நாடு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலைதான் இந்தப் பயணம்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். அதோடு பிறவிப் பயந்தாங்கொள்ளி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்றால், கிளம்புவதற்கு முன் நாட்காட்டியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். 1941ஆம் வருட நாட்காட்டியும் இந்த வருட நாட்காட்டியும் அச்சு அசலாக ஒன்று. டிசம்பர் ஏழு ஞாயிறு. பினாங்கில் குண்டு விழுந்த பதினொன்று வியாழன். ஏழாம் தேதி கடலூரில் இறங்குகிறேன் என்று தெரிந்ததும் பயணச்சீட்டை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். அந்த ஏழாம் தேதிதான் ஹவாய்த் தீவில் ஞாயிறு காலை குண்டு விழுந்தது. அதே நேரத்தில் எங்கள் கரையில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான். எங்கள் பக்கத்தில் அது எட்டாம் தேதி ஆகியிருந்தது.

ஞாயிறு மதியம் ஓ.டி.யில் இறங்கினேன். ஓ.டி. என்றால் பழைய டவுன், துறைமுகப் பக்கம், என்.டி. புதிய டவுன். ஊர்க்காரர்கள் இந்த இரண்டு எழுத்தையே ஊர்ப்பெயராகச் சொல்கிறார்கள். அருள்தாஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என்னைக் கட்டிக்கொண்டான். என் தாடை வீங்கியது. அவன் முகத்தில் அப்பாவின் மூக்கு இருந்தது. எண்பத்து நான்கு வருடம் கடலுக்கு அப்பால் தனியாகத் திரிந்த மூக்குக்கு ஒரு ஜோடி கிடைத்ததைப் பார்த்து நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

வீடு செம்மங்குப்பத்தில், சிப்காட் ஆலைகளுக்கு எதிர்ப்பக்கம். அவன் அங்கே ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறான். வாசலில் கால் வைக்கும்போதே கனிந்த வாழைப்பழம் போல ஒரு வாசனை அடித்தது. உள்ளே போவதற்குள் தொண்டையில் கசப்பாக மாறியது. கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். அருள்தாஸின் மனைவி ஸ்டெல்லா சிரித்தாள்.

"இன்னிக்குக் கம்மி மாமா. மழ நாளுல ஜாஸ்தியா இருக்கும்."

"பயமா இல்லையாம்மா?"

"வாசன வந்தா பயமில்ல. ஒரு வாசனயும் வராம கண்ணு எரிஞ்சா, அப்பதான் ஓடணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, அதுக்குக் குறுக்கால ஓடணும்."

சோற்றுக்கு முன்னால் சொல்லக்கூடிய செய்தியா இது? ஆனால் சங்கரா மீன் குழம்பு வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் ஊரில் மீன் குழம்பில் வெண்டைக்காய் மிதக்கும், இங்கே மாங்காய். புளி தூக்கலாக, காரம் கண்ணில் நீர் வரும்படி. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு, "கல்லறைக்குப் போகலாமா?" என்றேன்.

அருள்தாஸும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மழ வர்ற மாதிரி இருக்குண்ணே. நாளைக்குப் போலாம்." வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எட்டாம் தேதி, மாதா திருநாள். பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாகக் கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். கடலில் புயல் சின்னம் இருக்கிறது, ஊருக்குள் யாரும் பயப்பட வேண்டாம் என்று அதற்கு அர்த்தமாம். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே பயம் வந்துவிடும்.

வேலியோரம் இருந்தது குடும்பக் கல்லறை. தலைமாட்டில் சிலுவை, அதன் கீழே நெஞ்சளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். அந்தக் கல் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. எழுத்து இல்லை. கையால் தடவினேன். புது சிமெண்டு. மேலே புது சுண்ணாம்பு.

"எங்கேடா பேரு?"

அருள்தாஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டெல்லாதான் பேசினாள். "உசுரோட இருக்கிறவங்க பேரு கல்லறையில இருக்கலாமா மாமா? போன மாசம் கல்லறத் திருநாளு வந்துச்சு, மெழுவத்தி ஏத்தணும், மால போடணும். பெரிய மாமா நல்லா இருக்காங்கன்னு தெரிஞ்ச பொறவு எப்புடிப் போடுவோம்? மனசு பதறுச்சு. நாந்தான் பூசிடச் சொன்னேன். அவுங்க ஆயுசுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் யாருக்கு?"

இதுவரை கிட்டத்தட்ட எண்பது வருடமாக நவம்பர் இரண்டாம் தேதி தோறும் அந்தக் கல்லைக் கழுவி, மாலை சாத்தி, மெழுகுவர்த்தி வைத்து அப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஜெபித்திருக்கிறார்கள். அவர் உயிரோடு இருப்பது தெரிந்த முதல் வருடமே, அன்பினாலும் பயத்தினாலும், அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்தை மூடிவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்களே, அந்தத் தாழியை உடைத்தவள் எனக்கு மூன்று தடவை மீன் குழம்பு ஊற்றியவள்.

கல்லறை மேட்டில் உட்கார்ந்து அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு அட்டை, ஜனவரி, அதிகாரி கேட்ட எழுத்து. ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அருள்தாஸ் என் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போட்டோ ஏதாவது எடுத்தியா?"

"செத்தவங்க கல்லுல பெரியப்பா பேரு... அத எப்புடிண்ணே போன்ல வச்சிக்கிறது?"

பழைய வருடங்களின் படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்திலும் கல்லை மறைத்துக்கொண்டு செவந்தி மாலை தொங்கியது. எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

"என்ன எழுதியிருந்துச்சு? ஒரு வார்த்தையாவது நெனப்பு இருக்கா?"

"மூணு பேரு இருந்துச்சுண்ணே. ஒங்க தாத்தா, பாட்டி, பெரியப்பா. மேலயும் கீழயும் ரெண்டு வரி. வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சு அந்த வரியெல்லாம் தூந்துபோச்சு. யாரும் படிச்சதில்ல." கொஞ்சம் யோசித்தான். "கூடலூருன்னு ஒரு வார்த்த இருந்த ஞாபகம்."

கூடலூர் என்பது கடலூரின் பழைய பெயர். கூடலூரில் பிறந்த மகன் சவரிமுத்து என்று அங்கே எழுதியிருந்தால்? பாம்பு இத்தனை வருடம் கழித்துக் கல்லுக்கு அடியிலிருந்து தலையைத் தூக்குகிறது என்று நினைத்தேன். இதற்குப் பூசியே இருக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. கோழைக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

பூசிய கொத்தனார் ஏழுமலை. அவர் சொந்த ஊர் சிதம்பரத்துக்கு மேற்கே கீரப்பாளையம். வயல் வேலைக்கு ஊருக்குப் போனவரின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். வேறு கொத்தனாரைக் கூப்பிடலாமே என்றேன். அருள்தாஸ் வேண்டாம் என்று தலையாட்டினான். "அவன் கல்லக் கொத்திப் பூசுனானா, சும்மா பூசுனானான்னு தெரியாம வேற ஆளு கைய வச்சா, இருக்கிறதும் பேந்துரும்ணே." சிமெண்டு பிடிக்க வேண்டுமானால் கல்லின் முகத்தை முதலில் உளியால் கொத்திவிட வேண்டும், நல்ல கொத்தனார் அப்படித்தான் செய்வார் என்று விளக்கினான். ஏழுமலை நல்ல கொத்தனாரா என்று கேட்டேன். "இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெட்டிக்காரன்" என்றான். அந்தப் பதில் எனக்கு வேண்டாத பதிலாக இருந்தது.

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சைரன் ஊதியது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வாசலுக்கு ஓடினேன். கொடியில் காய்ந்த துணி ஒருபக்கமும் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா மீன் அரிவதை நிறுத்தவில்லை. "ஒத்திக மாமா. ஆலையில மாசத்துக்கு ஒருவாட்டி ஊதுவாங்க." திரும்பி வந்து நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன். பினாங்கில் 1941இல் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் பதுங்கவில்லையாம்; நம் பக்கத்து விமானம் என்று நினைத்துத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்களாம். என் தாத்தாவும் அப்படி அண்ணாந்து பார்த்தவராக இருக்கலாம். அவர் என்னைப் போலப் பயந்தவராக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை நானும் அருள்தாஸும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் குளிரூட்டியும் அமைதியும் இருக்கும். இங்கே ஜன்னல் தகரத்தை இறக்கினால் இருட்டு, ஏற்றினால் குளியல். புதுச்சத்திரம் தாண்டி ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடியது. டிரைவர் நிறுத்தி, இறங்கி, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து பார்த்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லாமல், அதைச் செய்தே காட்டிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன். முழங்கால் வரை போனதும் திரும்பி வந்து, "போலாம்" என்றார். எனக்குப் போக வேண்டாம் என்றிருந்தது.

எனக்குப் பின்னால் ஆலை வேலைக்கு வந்த வடநாட்டு ஆட்கள் இரண்டு பேர் இந்தியில் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த நர்ஸ் அம்மாளிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "'வீட்டுக்குப் போன் பண்ணா தண்ணியப் பத்திச் சொல்லாத, அம்மா சோறு திங்க மாட்டாங்க'ன்னு ஒருத்தர் சொல்றாரு. 'நான் இங்க மழையே இல்லன்னு சொல்லிட்டேன்'னு இன்னொருத்தர் சொல்றாரு." பஸ் தண்ணீரில் இறங்கியது. இஞ்சின் இரண்டு முறை முக்கி, அணையாமல், மறுபக்கம் ஏறியது. கண்டக்டர் ஒன்றும் நடக்காதது போல விசில் ஊதினார்.

சிதம்பரத்தில் அறை எடுத்து, ஈரத் துணியை மின்விசிறிக்குக் கீழே விரித்துவிட்டு, கீழவீதியில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துப் புளியில் போட்ட அந்தக் கொத்சு ஒன்றுக்காகவே இந்த ஊருக்கு வரலாம். ஆனால் பாதி இட்லியில் கையை நிறுத்திவிட்டேன். மறுநாள் பத்தாம் தேதி. 1941இல் அதே பத்தாம் தேதி மூழ்கவே மூழ்காது என்று நம்பிய இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் எங்கள் கடலில் மூழ்கின. இனிக் காப்பாற்ற யாரும் இல்லை என்று ஊர் அன்றுதான் புரிந்துகொண்டது. இதை அருள்தாஸிடம் சொன்னேன்.

"அண்ணே, ஒங்களுக்குச் சாப்பிடும்போது நெனைக்க வேற ஒண்ணுமே கெடைக்காதா?" என்றான். நியாயமான கேள்விதான்.

புதன் காலை கீரப்பாளையம். சாலையின் இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும் ஒரே மட்டத்தில் தளும்பிக்கொண்டிருந்தன. ஏழுமலை வரப்பு உடைப்பை அடைத்துக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நின்றார். அருள்தாஸ் கரையிலிருந்தே கத்தினான். "மச்சான்! அந்தக் கல்லறக் கல்லு... கொத்திப் பூசுனியா?"

ஏழுமலை மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "ஏன், பேந்துக்கிச்சா?"

"பேக்கணும். கொத்துனியா இல்லியா, அதச் சொல்லு."

அவர் கரையேறி வந்தார். காலைக் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். அதற்குள் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. "தப்பா எடுத்துக்காத மச்சான்" என்றார் கடைசியில். "கொத்தாம பூசுனா ஒரு மழைக்குத் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். உளிய எடுத்து வச்சேன். அதுல மகன்னு ஒரு கொழந்த பேரு இருந்துச்சு. எங்க வூட்லயும் ஒண்ணு போச்சு, ஒனக்குத் தெரியும். செத்த கொழந்த பேருல உளிய வைக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அப்புடியே சாந்த அப்பிட்டு வந்துட்டேன். கூலிக்கு ஏத்த வேல செய்யல, அத ஒத்துக்கறேன்."

நான் அவருடைய சேற்றுக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் குழந்தை சாகவில்லை, அது என் அப்பா என்று அருள்தாஸ் சொன்னான். ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையை விடுவித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வரிகளைப் படித்தாரா என்று கேட்டேன். குழந்தையின் பெயருக்குமேல் கண் போகவில்லை என்றார். ஆக, கல் என்ன சொல்லப் போகிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை, பதினொன்றாம் தேதி. துறைமுகத்தில் புயல் கூண்டு எண் மூன்றாகியிருந்தது. மழை சற்று விட்டிருந்த காலை ஒன்பது மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஐந்து பேர் நின்றோம்: ஏழுமலை, அருள்தாஸ், ஸ்டெல்லா, நான், எழுத்தைப் பார்த்துச் சான்று தர ஒத்துக்கொண்ட பங்குத் தந்தை. ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"மாமா, ஒருவாட்டி பெரிய மாமாகிட்டக் கேட்டுருங்க. அவுங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. படித்தவன், பாடம் நடத்தியவன், இருந்தும் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என்னடா?"

"அப்பா, கல்லுல ஒங்க பேர் மேல பூசிட்டாங்க. இப்ப உடைச்சாத்தான் தெரியும். உசுரோட இருக்கிறவங்க பேரைக் கல்லறையில திறக்கக் கூடாதுன்னு இங்க பயப்படுறாங்க."

"எம்பத்து நாலு வருசமா அங்க செத்துத்தானே கெடக்கேன். இனிமே என்ன புதுசா சாகப் போறேன்? ஒடைக்கச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டார்.

ஏழுமலை உளியை எடுக்கவில்லை. கரண்டியின் பிடியால் கல்லின் மேல் விளிம்பில் தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. மழையில் ஊறிய பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அடியில் பழைய சுண்ணாம்பு. துடைப்பக் குச்சியால் எழுத்தின் குழிகளைச் சுரண்டினார். முதல் எழுத்து வந்தது. கூ. அப்புறம் ட. லூ. கூடலூர்.

நான் சிலுவையைப் பிடித்துக்கொண்டேன். அருள்தாஸ் என் தோளைப் பிடித்தான். அடுத்த துண்டு விழ மறுத்தது. ஏழுமலை நனைந்த துணியை வைத்து அழுத்தி, பொறுத்து, பிறகு விரல் நகத்தாலேயே நெம்பினார். என் வாழ்க்கையில் அத்தனை நீளமான நிமிடம் வந்ததில்லை.

பங்குத் தந்தை குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "கூடலூரிலிருந்து... சென்று... பினாங்கில்... 1941 டிசம்பர் யுத்தத்தில்... மாண்ட..."

கீழே மூன்று பெயர்கள். அந்தோணிசாமி. அவர் மனைவி லூர்தம்மாள். அதற்குக் கீழே ஏழுமலைக்கு உளி வைக்கக் கை வராத இடம். "அவ்வூரில் டிசம்பர் 3 சவேரியார் திருநாளில் பிறந்த மகன் சவரிமுத்து." கடைசி வரி: "இவர்கள் ஆத்துமம் இளைப்பாற, தம்பி மரியசூசை, 1946."

அருள்தாஸ் அப்போதுதான் தன் தாத்தா மரியசூசை அடிக்கடி சொன்ன ஒரு விஷயத்தை நினைவுபடுத்திக்கொண்டான். குழந்தை பிறந்ததாகப் பினாங்கிலிருந்து தந்தி வந்ததாம். சவேரியார் நாள் என்பதால் சவரிமுத்து என்று பெயரும் அதிலேயே இருந்ததாம். வீட்டில் சர்க்கரை வாங்கி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரமே பினாங்கில் குண்டு விழுந்தது. பிறகு தபாலே இல்லை. சண்டை முடிந்தும் ஒரு கடிதம் வராததால் மூன்று பேரும் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். வளர்ப்புத் தாய் பார்த்த கப்பல் என்ன என்பதும் எனக்கு அங்கே நின்றபோதுதான் விளங்கிற்று. பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரைக்குத் தப்பியோடியவர்களை ஏற்றி வந்த படகு அது. இடுப்பில் இருந்த குழந்தைக்கு வயது பத்துப் பன்னிரண்டு நாள்.

படம் எடுத்தேன். இருபது முப்பது எடுத்தேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வீட்டில் என் மனைவியும் சந்தைக்குப் போயிருக்கும் நேரம். மூன்றாவது முறை. ஸ்டெல்லாவின் உதடு வெளுத்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கல்லில் இருந்த பெயரைப் பார்த்தாள். ஏழுமலை பெயர்ந்து விழுந்த சிமெண்டுத் துண்டு ஒன்றை எடுத்து, திரும்ப ஒட்ட வைக்கலாமா என்பது போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எண்பத்து நான்கு வருடத்துக்கு முன் இதே வியாழக்கிழமை, இதே போன்ற காலை வேளையில்தான் எங்கள் ஊரில் விமானச் சத்தம் கேட்டது. திறந்திருக்கக் கூடாது, திறந்திருக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. நாலாவது முறை கூப்பிட்டேன்.

"குளிக்கக் கூட விட மாட்டியா?" என்றார் அப்பா.

போனை அருள்தாஸ் வாங்கிக்கொண்டான். கல்லில் உள்ளதை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். பினாங்கில் என்ற இடத்தில் அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தான். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதன்பிறகு, அவருக்குப் பிறந்த தேதி ஒன்று இருக்கிறது என்பதை முதன்முதலாகக் கேட்டார். போன வாரம்தான் கடந்துபோயிருக்கிறது.

மேலே மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஏழுமலை சாந்து குழைக்கட்டுமா என்று கேட்டார். இந்தத் தடவை நன்றாகக் கொத்திப் பூசுகிறேன் என்றார். ஸ்டெல்லா சரியென்று வேகமாகத் தலையாட்டினாள். அருள்தாஸ் போனில் அப்பாவிடமே கேட்டான். "பெரியப்பா, வேல முடிஞ்சிச்சு. மூடிடவா?"

அப்பாவின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"மூடாதப்பா. நீல ஐ.சி. வந்தா பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வர்றேன். எம்பேர நானே பூசிக்கிறேன்."